முள் நின்ற இடம்

மராட்டியத்துப் போசரியில் ஸ்கூட்டர்களுக்கு ஒயர் கட்டுகள் செய்து கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில், முதலாளியின் மேசையைவிட மதிப்பான மேசை ஒன்று இருந்தது. ஜன்னலோரம் போட்டிருந்த அந்த மேசைமேல் ஓர் இரும்புத் தாங்கி. தாங்கியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கேஜ். பார்த்தால் சுவர்க்கடிகாரம் போட்ட குட்டி போலிருக்கும். ஆனால் அது நேரம் காட்டாது, பலம் காட்டும்.

ஒயரின் நுனியில் ஒரு பித்தளை டெர்மினலை வைத்து மெஷினில் அழுத்தினால், டெர்மினல் ஒயரைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு உறுதியாகக் கவ்வியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. டெர்மினலைக் கேஜின் கொக்கியில் மாட்டி, ஒயரைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். முள் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஒயர் பிய்ந்து கையோடு வந்துவிடும். அந்த நொடியில் எட்டிய உச்சத்திலேயே முள் நின்றுவிடும். அதுதான் அந்தப் பிடியின் பலம். மெல்லிய ஒயருக்குப் பன்னிரண்டு கிலோ தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதும் கழித்துப்போடும் சிவப்பு டப்பாவுக்குப் போய்விடும்.

அந்த மேசைக்கு உரியவள் தமிழரசி. பக்கத்து ஊரான கட்கியில் பிறந்து, கட்கியிலேயே வாழ்க்கைப்பட்டவள். காலையில் விளக்கேற்றிக் கும்பிடாமல் வாசற்படி தாண்டமாட்டாள். கம்பெனிக்கு வந்தால், துடைத்து வைத்துவிட்டு, இரண்டாவது கும்பிடு கேஜுக்கு. அந்தக் கருவிமேல் அவளுக்கு அப்படி ஒரு மதிப்பு. பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. உள்ளே ஒரு ஸ்பிரிங், சில பல்சக்கரங்கள், அவ்வளவுதான். கரண்ட் போய்க் கம்பெனியே இருண்டு கிடக்கும்போதும் அது தன் வேலையைச் செய்யும். முதலாளி இழுத்தாலும் பெருக்குகிற அம்மா இழுத்தாலும் ஒரே நியாயம்தான் சொல்லும். கடவுள் படைத்த உலகத்தில் மனிதன் செய்த பொருள்களில் பொய் சொல்லாதது ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று அவள் மனசார நம்பினாள்.

பக்கத்து மேசையில் ஒயர் கட்டுகளுக்கு டேப் சுற்றும் ஷீலாவுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவளும் கட்கிக்காரிதான், ஒரே பஸ்ஸில் வருகிறவள்.

"அக்கா, வூட்டுக்காரர் மூஞ்சியக் கூட நீ இப்டித் தொடச்சிருக்கமாட்ட."

"அவரு மூஞ்சி பொய் சொல்லும்டீ. இது சொல்லாது. அதான் தொடைக்கிறேன்."

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் மராட்டிக்காரப் பெண்கள் மெஷினுக்கெல்லாம் செண்டுப்பூ மாலை கட்டினார்கள். தமிழ்ப் பெண்கள் பொரிகடலையும் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தார்கள். ஷீலாதான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி ஏற்பாடு செய்தாள். மற்ற மெஷின்களுக்கு ஒரு பொட்டு. தமிழரசி தன் கேஜுக்கு மட்டும், சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, நெற்றியில் ஒன்று, முதுகில் ஒன்று, கொக்கிக் கம்பி உள்ளே நுழைகிற கழுத்தில் தாராளமாக ஒன்று என்று வைத்தாள். சாமி சிலைக்குக் கழுத்தில் சாத்துகிற மாதிரியே. கற்பூரம் காட்டியபோது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மறுநாள் விஜயதசமி முடிந்து, வெளியே தெரிந்த சந்தனத்தையெல்லாம் ஈரத்துணியால் பயபக்தியோடு துடைத்து எடுத்தாள்.

அந்த வாரம்தான் லீலா வேலைக்குச் சேர்ந்தாள். மெல்லிய ஒயர் மெஷினில் இருந்த சாவித்ரி பிரசவத்துக்கு லீவில் போக, அந்த ஸ்டூலில் லீலாவை உட்கார வைத்தார்கள். தாபோடியிலிருந்து வருகிறவள். அவள் புருஷன் ரவிசந்திரன் வேலை பார்த்த ஃபேக்டரியில் லாக்கவுட். வீட்டில் அரிசி வேக வேண்டுமென்றால் லீலாவின் இந்த வேலை நிலைக்க வேண்டும்.

முதல் நாளே லீலாவின் ஒயர் பதினொன்றே முக்காலில் பிய்ந்தது. அடுத்தது பதினொன்றரை. புதுசுதானே, கை பழகட்டும் என்றார்கள். கை பழகியும் முள் பன்னிரண்டைத் தொடவில்லை. தொடுவதுபோல் வரும், நின்றுவிடும். தமிழரசிக்கே வாய் கூசியது. இருந்தாலும் முள் சொல்வதை அவள்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

"பதினொன்னே முக்கா. ஃபெயில்."

லீலா எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டுப் போய் உட்காருவாள். இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாக, ஒயரை வைத்து அழுத்துவாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் டப்பாவைத் திறக்க, அவள் மட்டும் தான் செய்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மெஷினைக் குற்றம் சொல்லவில்லை. சாவித்ரி செட்டிங்கைக் கலைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று சொல்லித் தப்பிக்கவில்லை. இப்படியும் ஒரு பெண்ணா என்று தமிழரசி பல தடவை வியந்தாள். வியந்துகொண்டே அவள் கட்டுகளைச் சிவப்பு டப்பாவில் போட்டாள்.

ஷீலாவின் வாய் சும்மா இருக்குமா? "லீலா, வூட்ல சோறு கம்மியா துன்றியா? டெர்மினலு தொட்டதும் கழண்டுக்குது."

அதற்கும் லீலா சிரித்தாள். ஆனால் அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

குவாலிட்டி மேனேஜர் ரங்கராஜன் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவர் வந்து மெஷினின் அச்சைப் பார்த்தார். நசுங்கிய டெர்மினலின் உயரத்தை அளந்தார். ஒயர் சுருளை மாற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. சந்தேகப்பட லீலாவின் கையைத் தவிர மிச்சம் எதுவும் இல்லை என்று ஆனபோது அவர் பெருமூச்சு விட்டார்.

"பாவமாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பொண்ணு ஒயரைச் சரியா உள்ள நுழைக்கறதில்லையாட்ட இருக்குதுங்க. சனிக்கிழமையோட நிறுத்திக்கலாம். நானே சாயங்காலம் சொல்லிக்கறேன்" என்று தமிழரசியிடம் சொன்னார்.

லீலாவிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த மாதிரிச் செய்தி ஒரு கூரைக்குக் கீழே எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கும்?

அந்தச் சனிக்கிழமை புரட்டாசிச் சனி. தமிழரசி விடியும் முன்பே எழுந்து பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தளிகை போட்டுவிட்டு, ஒரு தூக்கு நிறையக் கம்பெனிக்கும் கொண்டுவந்திருந்தாள். மணி அடிக்கும் முன்பே ஒவ்வொருவர் கையிலும் ஓர் உருண்டை வைத்துக்கொண்டே வந்தாள். லீலாவின் கையில் வைத்தபோது லீலா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்காக வேண்டிக்கோங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. காலையில் முதல் வேலை கேஜைச் சோதிப்பது. கொக்கியில் ஐந்து கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால் முள் ஐந்தில் நிற்க வேண்டும். தமிழரசிக்கு ஒரு பழக்கம் உண்டு. எடைக்கல்லை இடது கையால் மாட்டியதும், வலது கை விரலால் கண்ணாடியை டொக்கென்று தட்டுவாள். தட்டியதும் முள் ஒரு துள்ளு துள்ளிப் போய்த் தன் இடத்தில் உட்காரும். வருஷக்கணக்கான பழக்கம். மாட்டைத் தட்டிக்கொடுப்பது போலத்தான். தான் தட்டுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

இன்று வலது கை முழுக்க நெய்யும் வெல்லமும். கண்ணாடியைத் தொட்டால் பிசுக்கு ஒட்டும். அதனால் வலது கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் எடைக்கல்லை மட்டும் மாட்டினாள்.

முள் ஏறியது. ஐந்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

தமிழரசி பார்த்தாள். இன்னும் ஏறும் என்று காத்திருந்தாள். ஏறவில்லை. கல்லை எடுத்து, முள்ளை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினாள். முள் பூஜ்யத்துக்குத் துள்ளி வராமல், தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருகிறவனைப் போல மெதுவாக வந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி அதே இடம். இப்போது இடது கை முட்டியால் கண்ணாடியை ஒரு தட்டு தட்டினாள். முள் துள்ளி ஐந்துக்குப் போனது.

தட்டினால் சரியாகக் காட்டுகிறது. ஒயரை இழுக்கும்போது யார் தட்டுகிறார்கள்?

ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கொக்கியைத் திருகிக் கழற்றி, கேஜைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். கம்பி உள்ளே நுழைகிற கழுத்தில், துணி எட்டாத ஆழத்தில், மஞ்சளாக ஒரு வளையம் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். வாசனை வந்தது.

சந்தனம்.

குழைத்து வைத்த சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, கம்பியை இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருக்கிறது. லீலாவின் கையிலிருந்து வந்த பலத்தில் ஒரு பங்கைச் சந்தனம் தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் முள்ளுக்குக் கொடுத்திருக்கிறது. தடித்த ஒயர்களுக்கு வேறு பெரிய கேஜ் என்பதால் மற்றவர்கள் தப்பித்தார்கள். இந்தக் கேஜில் இழுபட்டது லீலா ஒருத்தியின் வேலைதான்.

தோளுக்குப் பின்னால் ஷீலா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

"அக்கா, தொடச்சிடு" என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஒரு சொட்டு ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சா போயிடும். இன்னிக்கு அவ ஒயரெல்லாம் பாஸ் ஆயிடும். சார் மனசு மாறிடுவாரு. அவ வேலையும் போவாது, உன் வேலையும் போவாது. யாருக்குத் தெரியப் போவுது?"

"அப்போ சாரு கிட்ட சொல்ல வேணாங்கிறியா?"

"என்னான்னு சொல்லுவ? சாமிக்கு வெச்ச சந்தனத்தால கம்பெனி மாலு சரக்கெல்லாம் போச்சுன்னா? மொதலாளி சேட்டு என்ன சொல்லுவாரு? அடுத்த வருசம் பூஜையும் கிடையாது ஒண்ணும் கிடையாதும்பாரு. அந்தப் பாவம் நமக்கெதுக்கு? இது சாமி விசயம்க்கா. சாமி பேரக் கெடுக்காத."

தமிழரசி கேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஷீலா சொன்னதில் பாதி அவள் மனசிலும் ஓடிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டால் எல்லாம் நல்லபடி முடிந்துவிடும்போலத்தான் இருந்தது. லீலாவும் பிழைப்பாள். கம்பெனியில் ஒரு பூஜையும் பிழைக்கும். யாருக்கு நஷ்டம்?

அப்போது அவள் லீலாவைப் பார்த்தாள். லீலா தன் ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷினை இன்னும் ஓட்டாமல், மடியில் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரார் குறை சொன்ன பிள்ளையை ஒரு தாய் பார்ப்பதுபோல.

"ஷீலா, சாமிக்கு வேலை போயிடாது. அவளுக்குப் போயிடும்" என்றாள் தமிழரசி.

"அதான் போவாதுன்னு சொல்றேனே!"

"போவாதுடீ. ஆனா இத்தினி நாளா தன் கை ஆகாத கைன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா பாரு. கேஜை நான் தொடச்சிடலாம். அத யாரு தொடைக்கிறது?"

தமிழரசி கேஜைத் துடைக்கவில்லை. இருந்தபடியே ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையில் கொக்கியையும் எடைக்கல்லையும் எடுத்துக்கொண்டு, ரங்கராஜனின் அறைக்குப் போனாள். நடக்கும்போது பெருமாளிடம் மனசுக்குள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். என் குரல் மட்டும் உடையாமல் இருக்கட்டும்.

குரல் உடையத்தான் செய்தது. ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சந்தனத்தை, தட்டுகிற பழக்கத்தை, இன்று தட்டாததை. ரங்கராஜன் கொக்கியை மாட்டிக் கேஜைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, எடைக்கல்லைத் தன் கையாலேயே தொங்கவிட்டுப் பார்த்தார். தட்டாமல் ஒரு தடவை, தட்டி ஒரு தடவை. பிறகு கேஜின் கழுத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"நல்ல சந்தனமுங்க" என்றார்.

தமிழரசிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"சார், தப்பு என்னுது. என்ன நிறுத்தறதுன்னா நிறுத்திடுங்க. அந்தப் பொண்ண மட்டும்..."

"இருங்கம்மா." அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்க பொட்டு வெச்சீங்க. நான் என்ன பண்ணினேன்? அச்சைப் பார்த்தேன், மெஷினைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன். கடைசியில ஆளைச் சந்தேகப்பட்டேன். கேஜை ஒரு தடவை சந்தேகப்பட எனக்குத் தோணலையே. அந்தப் பொண்ணு சண்டை போட்டிருந்தாலாவது தோணியிருக்கும். வாய் திறக்காததால தப்பு அவ மேலன்னு முடிவு கட்டிட்டேன் பாருங்க."

படித்தவர், பதவியில் இருக்கிறவர், ஒரு சாதாரணப் பெண்ணின் முன்னால் தன்னையும் அந்தத் தப்பில் சேர்த்துக்கொண்டது தமிழரசிக்குக் கடவுளே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ரங்கராஜன் போனை எடுத்தார். பக்கத்துக் கம்பெனியில் பாஸ்கர் என்று ஒரு சூப்பர்வைசர், அவருக்குத் தெரிந்தவர். அங்கேயும் இதே மாதிரி கேஜ் இருந்தது. "ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்து உதவுங்க" என்றார். பாஸ்கர் ஆள் அனுப்பவில்லை. தானே கேஜைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெயிலில் நடந்து வந்து கொடுத்தார். "காரணம் அப்புறம் சொல்லுங்க சார், முதல்ல வேலை ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கம்பெனியில் மெஷின்களை நிறுத்தச் சொன்னார் ரங்கராஜன். எல்லாரும் ஜன்னலோர மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். லீலா மட்டும் கடைசியில் நின்றாள். தன்னை அனுப்பத்தான் இந்தக் கூட்டம் என்று நினைத்துவிட்டாள். கைப்பையைக்கூடத் தோளில் மாட்டியிருந்தாள்.

"முன்னாடி வாங்கம்மா" என்று அவளைக் கூப்பிட்டார் ரங்கராஜன். சிவப்பு டப்பாவைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "இதுல இருந்து எதை வேணா எடுங்க. நீங்களே மாட்டுங்க, நீங்களே இழுங்க."

லீலா டப்பாவுக்குள் கை விட்டாள். ஒன்றை எடுத்து மாட்டினாள். இழுத்தாள். முள் பதினொன்றைத் தாண்டியது. பன்னிரண்டைத் தாண்டியது. பன்னிரண்டரையும் தாண்டிய பிறகுதான் ஒயர் பிய்ந்து கையோடு வந்தது.

லீலா அடுத்ததை எடுத்தாள். பதின்மூன்றை ஒட்டி நின்றது முள். அடுத்தது. அதற்கடுத்தது. டப்பாவின் அடியில் கிடந்த முதல் நாள் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து இழுத்தாள். அதுவும் தாங்கியது.

ரங்கராஜன் எல்லாருக்கும் கேட்கும்படி இந்தியில் சொன்னார். லீலாவின் வேலையில் ஒரு நாளும் குறை இருந்ததில்லை. குறை நம் அளவில் இருந்தது. அளந்தவர்கள் நாங்கள். அதற்காகக் கம்பெனி சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவ்வளவுதான் பேச்சு. மராட்டிக்காரப் பெண்கள் கை தட்டினார்கள். யாரோ லீலாவின் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் அது ஷீலா.

தமிழரசி முன்னால் வந்தாள். "லீலா, என் கேஜுல சந்தனம் அடச்சிருந்துச்சும்மா. நான் வெச்ச சந்தனம். உன்னப் போயி ஃபெயிலு ஃபெயிலுன்னு..."

லீலா அவளையே பார்த்தாள். கோபப்பட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சாக்கா?"

"தங்கமான கைம்மா."

"அது போதுங்க்கா" என்று சொல்லிவிட்டு லீலா அப்போதுதான் அழுதாள். இத்தனை நாளும் அழாதவள்.

பூஜையை என்ன செய்வது என்று முதலாளி கேட்காமல் இல்லை. ரங்கராஜன் சிரித்துக்கொண்டே, "பூஜை இருக்கட்டுமுங்க. பொட்டு மட்டும் மேசைக்கு வெச்சுக்கலாம்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. தமிழரசி கேஜைச் சுத்தம் செய்து, திரும்பச் சோதிக்க அனுப்பினாள். அது வரும்வரை பாஸ்கரின் கேஜே தாங்கியில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கென்று வந்தது, வேண்டிய நாள்வரை இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

போசரியில் வியாழக்கிழமைதான் லீவு. ஞாயிறு வேலை நாள். மறுநாள் காலை மணி அடித்ததும் லீலா தன் மெஷினில் முதல் ஒயரை அழுத்தி எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்கு வந்தாள். முதல் ஒயர் தேறினால்தான் மற்றதை ஓட்டலாம். அது விதி.

தமிழரசி ஸ்டூலிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றாள். "உக்காரு லீலா. நீயே இழுத்துப் பாரு. இனிமே உன்னுத நீயே பாத்துக்கோ. அதுதான் நியாயம். சாரு கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

லீலா உட்காரவில்லை. ஒயரைத் தமிழரசியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"நீங்களே இழுங்கக்கா" என்றாள். "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

சொல்லிவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கக்கூட நிற்காமல், தன் ஸ்டூலுக்குத் திரும்பிப் போய் அடுத்த ஒயரைக் கையில் எடுத்தாள்.